பெட்டியையும் சும்மா கொடுத்தவர்

1

கீழ் வீட்டு லிண்ட்னர் அம்மா போன வாரம் எங்கள் கதவைத் தட்டினார். ஜெர்மனியில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டினால் இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, கட்டடம் தீப்பற்றி எரிகிறது. இரண்டு, நீங்கள் ஞாயிற்றுக்கிழமையில் வாஷிங் மெஷின் ஓட்டிவிட்டீர்கள். அன்று புதன்கிழமை, புகையும் இல்லை. அதனாலேயே எனக்குப் பயம் அதிகமானது.

விஷயம் பெட்டிகள். இங்கே கட்டடத்தின் அடித்தளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கம்பிக்கூண்டு ஒதுக்கியிருப்பார்கள். எங்கள் கூண்டு நிரம்பி வழிந்து, நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு பெரிய பயணப் பெட்டிகள் அவருடைய சைக்கிளின் எல்லைக்குள் நுழைந்துவிட்டனவாம். ரொம்ப நாளாக அவை எங்கும் போகவில்லையே, இனிமேலும் தேவையா என்று கேட்டார். தேவையில்லை என்றால் 'இலவசம், எடுத்துக்கொள்ளலாம்' என்று அட்டையில் எழுதி ஒட்டித் தெருவில் வைத்துவிடலாமே என்றார்.

அது இந்த ஊர் வழக்கம். நாற்காலி, கோப்பை, குழந்தையின் காலணி, எதுவானாலும் தெருவோரம் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொருவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். கொடுத்தவருக்கு எடுத்தவரைத் தெரியாது. பேரம் கிடையாது, "ஏன் கொடுக்கறீங்க, ஓடலையா?" என்ற விசாரணை கிடையாது. வந்த புதிதில் இதைப் பார்த்து, நாகரிகம் என்றால் இதுதான் என்று ஊருக்கு எழுதியவள் நான். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

"வேண்டும், வேண்டும்" என்று லிண்ட்னர் அம்மாவிடம் பதறிச் சொல்லிவிட்டு, இரண்டு பெட்டிகளையும் மாடிக்கு இழுத்துவந்து படுக்கையறையில் நிறுத்தினேன். என் கணவர் சுரேஷ் வேலையிலிருந்து வந்து பார்த்தார்.

"கோச்சுக்கிட்டு ஊருக்குப் போறியா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்கு ரெண்டு பெட்டி? எனக்கும் சேர்த்தா?"

"பெட்டி இருக்கணும். அவ்வளவுதான்."

எங்கள் மகள் இனியாவுக்கு ஐந்து வயது. தமிழில் ஆரம்பித்து ஜெர்மனில் முடிக்கிறவள். பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, அம்மா பெட்டிகளைத் தத்தெடுத்துவிட்டாள் என்று அப்பாவுக்கு ஜெர்மனில் விளக்கினாள். எனக்கு அவளைத் திருத்தத் தோன்றவில்லை. காரணம் சொல்வதானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2

நான் மேனாம்பேட்டுக்காரி. அம்பத்தூரைத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டாம். தெரியாதவர்கள், எங்கள் தெருவில் ஒரு மழைக்கு முழங்காலளவு தண்ணீர் நிற்கும் என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும். அங்கே ஒருவர் வீட்டுச் சாமான் ஒன்றிரண்டு விலைக்கு வந்தால் புதிது வாங்குகிறார் என்று அர்த்தம். நாலைந்து வந்தால் வீடு மாறுகிறார். மொத்தமும் வந்தால் ஃபாரின். இதற்கு மாற்றுக் கருத்தே கிடையாது. நாங்கள் கிளம்பியபோதும் அப்படித்தான். கட்டிலைப் படம் பிடித்துப் போட்ட அரை மணி நேரத்தில் பக்கத்துத் தெரு பால்காரர் வந்து, "விசா வந்துடுச்சாமே" என்றார். என் மாமியாரிடமே நாங்கள் அதை அப்போது சொல்லியிருக்கவில்லை.

அப்படிப் படம் போட்ட இடம்தான் இந்தக் கதை நடக்கும் இடம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தின் பழைய பொருள்களை வாங்கி விற்பதற்கான ஓர் இணையக் குழு. மிக்ஸியிலிருந்து மீன்தொட்டி வரைக்கும் வரும். சாமானை விற்றுவிட்டு விமானம் ஏறிய பிறகும் நான் அதிலிருந்து விலகவில்லை. ஜெர்மனிக் குளிரில் உட்கார்ந்துகொண்டு, முத்தாபுதுப்பேட்டையில் யாரோ ஒருவரின் பீரோ விலை போகிறதா என்று பார்ப்பதில் ஒரு சுகம். ஒழுங்கில்லாமல் போடுகிறார்களே என்று இரண்டு மூன்று முறை புலம்பினேன். அப்படியானால் நீயே பார்த்துக்கொள் என்று என்னை நிர்வாகியாக்கிவிட்டார்கள்.

பொறுப்பைக் கொடுத்தால் நான் சும்மா இருக்கமாட்டேன். விதிகள் எழுதினேன். நான்காவது விதி: விலை குறிப்பிடாத பதிவு நீக்கப்படும். அதை எழுதும்போதே, இது கடுமையாகத் தெரியுமோ என்று 'தயவுசெய்து' சேர்த்தேன். பிறகு, தயவுசெய்து என்றால் மதிக்கமாட்டார்கள் என்று எடுத்தேன். பிறகு தூக்கம் வராமல் மறுபடி சேர்த்தேன். அப்புறம் இங்கத்திய நாகரிகத்தை அங்கே பரப்பும் ஆசையில், 'சும்மா கொடுக்கும் சனிக்கிழமை' என்று ஒன்றைத் தொடங்கினேன். அன்று மட்டும் நான்காவது விதி கிடையாது. முதல் சனிக்கிழமை ஒரே ஒரு பொருள் வந்தது: கைப்பிடி இல்லாத பக்கெட். அதற்கும் பூந்தமல்லி ரஹ்மத் அக்கா, "டெலிவரி உண்டா?" என்று கேட்டிருந்தார்.

ரஹ்மத் அக்காவை இங்கே சொல்லிவிட வேண்டும். பூந்தமல்லியில் வீட்டிலேயே துணி வியாபாரம் செய்பவர். குழுவில் எந்தப் பொருள் வந்தாலும் பேரம் பேசுவார், வாங்குவது அபூர்வம். அடாவடிப் பேரத்துக்காக இரண்டு முறை நான் அவரை ஒரு வாரம் விலக்கி வைத்திருக்கிறேன். இரண்டு முறையும் தன் தண்டனைக் காலத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினார். இரண்டாவது முறை குறைத்துவிட்டேன்.

3

இனியா பிறந்த முதல் குளிர்காலத்தைப் பற்றி இதுவரை ஊரில் யாருக்கும் எழுதியதில்லை. நான்கு மணிக்கே இருட்டிவிடும். சுரேஷ் இருட்டில் போய் இருட்டில் வருவார். இங்கே பிரசவம் ஆன வீட்டுக்கு மருத்துவச்சி ஒருவர் தேடி வந்து பார்ப்பார். அருமையான ஏற்பாடு. வாசலிலேயே, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். எனக்குத் தெரிந்த ஜெர்மன், மொழி வகுப்பின் முதல் பாடம். அதில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் கொடுத்திருந்தார்கள்: நன்றி, நலம். ஒவ்வொரு முறையும் அதைச் சொன்னேன். உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

நலமாக இல்லை. நான் இல்லாவிட்டால் இந்த வீடு இன்னும் ஒழுங்காக நடக்கும் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. அதை யாரிடம் சொல்வது? தாய்மார்களுக்கான ஒரு தமிழ் இணைய மன்றத்தில் பெயர் போடாமல் எழுதினேன். பதில்கள் வந்து குவிந்தன. பூண்டு சாப்பிடச் சொன்னார்கள். சாமி கும்பிடச் சொன்னார்கள். குழந்தை முகத்தைப் பார்த்தால் இப்படித் தோன்றுமா என்று ஒருவர் கேட்டார், பார்த்துக்கொண்டுதானே எழுதினேன். ஜெர்மனியில் இருந்துகொண்டு என்ன குறை என்று இன்னொருவர். பிறகு, படம்கூட வைக்காத ஒரு பெண் ஒரே வரியில் கேட்டிருந்தார்: "நீங்க தற்கொலையப் பத்தி யோசிக்கிறீங்களா?"

அந்த வரியைப் படித்ததும் என் தோள்கள் இறங்கியது இன்னும் நினைவிருக்கிறது. யாரோ அதன் பெயரைச் சொல்லிவிட்டார்கள். இனி நான் சுற்றி வளைக்க வேண்டாம். ஆமாம் என்று எழுதினேன். அவர் பூண்டு பற்றி எதுவும் சொல்லவில்லை. இப்போது வீட்டில் யார் இருக்கிறார்கள், அவரிடம் இதைச் சொல்ல நான் கூட இருக்கட்டுமா என்று கேட்டார். சுரேஷ் வரும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். அடுத்த முறை மருத்துவச்சி வந்தபோது சுரேஷ் வாசலிலேயே நின்று, நலமில்லை என்று எனக்காகச் சொன்னார். அவருடைய உச்சரிப்பு மோசம். ஆனாலும் புரிந்தது. டாக்டர், மருந்து, வாரம் ஒரு பேச்சு என்று வசந்தத்துக்குள் நான் மீண்டும் குழுவில் விதி எழுதும் நிலைக்கு வந்துவிட்டேன்.

4

இப்போது தினகரன். இது அவருடைய உண்மையான பெயர் இல்லை. இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டு, எழுதியதை அனுப்பி, அவர் படித்த பிறகுதான் உங்களுக்கு வருகிறது. ரஹ்மத் அக்காவும் படித்துவிட்டார். தன்னைப் பற்றிய பகுதி போதாது என்கிறார்.

ஒரு சும்மா கொடுக்கும் சனிக்கிழமை. இங்கே மதியம், அங்கே சாயங்காலம். பூந்தமல்லியை ஒட்டிய பாரிவாக்கத்திலிருந்து ஒருவர் வரிசையாகப் படங்கள் போட ஆரம்பித்தார். கட்டில். டேபிள் ஃபேன். கிரைண்டர். இண்டக்‌ஷன் அடுப்பு. நான்கு ரோஜாத் தொட்டிகள். எல்லாம் இலவசம், இன்றைக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கொண்டுவந்த நாகரிகம் பாரிவாக்கத்தில் வேர்விட்டுவிட்டது. பதிவுக்குப் பதிவு இதயம் போட்டேன்.

குழுவுக்கும் புரிந்துவிட்டது, அவரவர் வழியில்.

"வாழ்த்துகள் ப்ரோ. எந்த நாடு?"

"கனடாவா? என் மச்சானும் அங்கதான்."

"தொட்டி எனக்கு. ரோசா என்ன கலர்?"

"கிரைண்டர் ஓடுதா, ஓடாம கீதா?" இது ரஹ்மத் அக்கா.

"ஜெர்மனி நித்யா மேடம் இருக்காங்க. என்ன என்ன எடுத்துட்டுப் போவணும்னு அவங்களைக் கேளுங்க ப்ரோ."

என்னைக் கேட்டுவிட்டார்கள். கேட்டால் விடுவேனா? குக்கருக்கு மாற்று கேஸ்கெட், புளி, மூக்குக்கண்ணாடி இரண்டு ஜோடி, பிறப்புச் சான்றிதழில் நான்கு நகல் என்று நீளமாக எழுதினேன். அதற்கு அவர், "அங்க எதுவும் தேவைப்படாது அக்கா" என்று போட்டார். கம்பெனியே எல்லாம் கொடுக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் பொறாமைகூட வந்தது. எந்த நாடு என்று நானும் கேட்டேன். பதிலில்லை.

இனியாவுக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது அடுத்த படம் வந்தது. நீல நிற டிராலி பெட்டி. சக்கரத்தில் கடைக்காரர் ஒட்டிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை. இலவசம்.

கீழே ஒருவர், "பெட்டி செம, இன்ட்ரஸ்டட்" என்று போட்டிருந்தார்.

ஸ்பூன் என் கையில் அப்படியே நின்றது. நான் ஊரைவிட்டு வந்தவள். கட்டிலைக் கொடுத்தோம், ஃபேனைக் கொடுத்தோம், கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கைக்கூட ஒருத்தியிடம் ஒப்படைத்தோம். பெட்டியை மட்டும் யாரும் கொடுப்பதில்லை. எந்த நாட்டுக்குப் போகிறவரும் பெட்டி இல்லாமல் போவதில்லை.

"அம்மா, ஆ காட்டிட்டேன்" என்றாள் இனியா. அவள் வாயைத் திறந்துகொண்டு வெகுநேரமாகக் காத்திருந்திருக்கிறாள்.

5

தனிச்செய்தியில் அவருக்கு எழுதினேன் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். உண்மையில் எழுதி அழித்து, எழுதி அழித்து, சுரேஷுக்கு போன் செய்து, அவர் எடுக்காததால் வைத்து, மறுபடி எழுதினேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால்? அவர் நிஜமாகவே கனடா போகிறவராக இருந்து, இந்த ஜெர்மனிக்காரிக்குப் பைத்தியம் என்று குழுவில் போட்டுவிட்டால்? கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ? இந்தக் கடைசிப் பயத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. என்னை ஒருத்தி கேட்டாள்; எனக்கு அது எண்ணத்தைக் கொண்டுவரவில்லை, இறக்கி வைத்தது. டாக்டரும் பிறகு அதையே சொன்னார்.

"தினகரன், பெட்டியையும் கொடுத்துட்டீங்க. அதனால கேக்கறேன். தற்கொலை பத்தி யோசிக்கிறீங்களா?"

நீலக் குறி விழுந்தது. படித்துவிட்டார். இனியாவின் கிண்ணத்தை எடுத்து, அது காலியாகவில்லை என்பதைக்கூடப் பார்க்காமல் கழுவிவிட்டேன். தயிர்சாதம் போயிற்று.

பிறகு வந்தது. "எப்படி கண்டுபிடிச்சீங்க."

"ஆமாவா?"

"ஆமா. இன்னிக்கே முடிச்சுக்கலாம்னுதான்."

அவர் காரணங்களை எழுதினார். நான் அவற்றை இங்கே எழுதப்போவதில்லை, அவை அவருடையவை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிற, தனியாக வாடகைக்கு இருக்கிற முப்பத்து சொச்சம் வயது ஆள். ஒரே காரணம் என்று எதுவும் இல்லை, பலதும் சேர்ந்திருந்தன என்பது மட்டும் போதும். வேறொரு பெரிய மன்றத்தில் போன மாதம் ஜாடையாக எழுதிப் பார்த்தாராம். "ஸ்ட்ராங்கா இருங்க ப்ரோன்னாங்க அக்கா. ஒருத்தர் சூரியன் உதிக்கிற படம் அனுப்பினார்."

"என்ன பண்ணீங்க?"

"லைக் போட்டேன். அவர் மனசு நோகக் கூடாதுல்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சாகப் போகிற நேரத்திலும் லைக் போடுகிற மரியாதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டும்தான் வரும்.

மனநல உதவி எண்ணைக் கொடுத்தேன். பேச வராது என்றார். அப்படியானால் என்னிடம் எழுதிக்கொண்டே இருங்கள், உள்ளே தனியாக இருக்க வேண்டாம், வாசலில் ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில் வந்து உட்காருங்கள் என்றேன். வந்து உட்கார்ந்தார். இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டார். இல்லை, சொல்வேன் என்றேன். இந்த ஒன்றில் மட்டும் நான் தயங்கவில்லை. ரகசியம் காக்க நான் தோதான ஆளில்லை, மேனாம்பேட்டுக்காரி. சொல்லாமல் இருக்க மாட்டேன். ஆனால் யாரிடம் சொல்லலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

அரக்கோணத்தில் ஒரு அக்கா இருந்தார். எண்ணை வாங்கினேன். அவர் ரயில் பிடித்து ஆவடியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் வர வேண்டும். அதுவரை?

"பக்கத்துல யாரும் பழக்கமில்லையா?"

"இல்லக்கா. கிரைண்டர் எடுக்க ஒரு அம்மா வராங்க. பூந்தமல்லி."

"ரஹ்மத் அக்காவா?"

"ஆமா. அவங்ககிட்டேயா சொல்லப்போறீங்க?"

"சொல்லட்டுமா?"

வெகுநேரம் 'எழுதுகிறார்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "சும்மா குடுக்கறதுக்கே பேரம் பேசறாங்கக்கா."

"தெரியும். அதனாலதான்."

"ம். சொல்லுங்க."

6

ரஹ்மத் அக்கா ஸ்கூட்டியில் இருந்தார். நிறுத்தச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். பின்னால் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"அல்லா" என்றார் மெதுவாக. பிறகு, "கிரைண்டருக்கு நான் முந்திக்கினேன்னு நெனச்சேம்மா. சரி, நீ இன்னா பண்ணச் சொல்றே?"

"அவருக்கு அட்வைஸ் பண்ணாதீங்க. குழந்தை குட்டி, சாமி, பாவம் எதுவும் வேணாம். தனியா விட்டுட்டு வராதீங்க. அவங்க அக்கா வர்ற வரைக்கும் கூட இருங்க. அவ்ளோதான்."

"எவ்ளோ நேரம்?"

"ரெண்டு மணி, மூணு மணி நேரம் ஆகலாம்."

"ஒரு பொடவைக்கு நான் அத விட அதிக நேரம் நிப்பேன். நீ போன வை. இல்ல, வெக்காத. அப்படியே லைன்ல கெட."

போன் அவர் கைப்பையில் கிடந்தது. நான் இங்கே சமையலறையில் நின்று, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு ஸ்கூட்டி மேடு பள்ளங்களில் ஏறி இறங்குவதைக் கேட்டேன். அப்புறம் வண்டி நின்றது.

"நீதானாப்பா தினகரன்?"

"ஆமாங்க."

"ஜெர்மனிக்காரி லைன்ல கீறா, சொல்லிட்டேன். ஒட்டுக் கேக்கறான்னு நெனச்சுக்காத. எனக்கு விசயம் தெரியும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீ சொன்னா கேட்டுக்கறேன். கிரைண்டர் எங்க கீது?"

"உள்ள. எடுத்துக்கங்க."

"எடுத்துக்கங்கன்னா? ஓட்டிக் காட்டு."

ஒரு கரகர சத்தம்.

"வெறும் கல்லு சுத்தறத எவனும் காட்டுவான். மாவு அரைக்குமா அரைக்காதா, அதான் பேச்சு. அரைச்சுக் காமி."

"சும்மாதானம்மா குடுக்கறேன்."

"சும்மான்னா ஓட்டை ஒடைசல் எதையும் வாங்கிக்கணுமா? எடுத்துட்டுப் போய் நாளைக்கு அரைக்கலைன்னா உன்ன எங்க தேடுவேன்?"

அந்த வாக்கியம் வெளியே வந்ததும் அவரும் நிறுத்திவிட்டார், நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு தினகரனின் குரல்: "அரிசி இல்லைங்க. எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

"கடை எங்க கீது? வா, ரெண்டு பேரும் போவோம்."

இட்லி அரிசியும் உளுந்தும் வாங்கிவந்தார்கள். கடையில் உளுந்தைப் பார்த்து ரஹ்மத் அக்கா சொன்னதை இங்கே அச்சிட முடியாது. ஊற வைக்கப் பாத்திரம் இல்லை, அதையும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். பக்கத்து வீட்டில் கடன் வாங்கினார். இத்தனை நாளாகத் தினகரன் பேசியே இராத பக்கத்து வீடு. அந்தப் பெண்மணி பாத்திரத்தோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "இப்ப ஊற வெச்சா நாலு மணி நேரம் ஆவுமே" என்றார். "ஆவட்டும்" என்றார் ரஹ்மத் அக்கா.

நான்கு மணி நேரம். எந்த உதவிக் கையேட்டிலும் இல்லாத சிகிச்சை முறை. அரிசி ஊறுகிறவரை மூன்று பேரும் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ரஹ்மத் அக்கா கல் தேய்ந்திருக்கிறது என்றார். தினகரன் தேயவில்லை என்றார். முதலில் ஒரு வார்த்தை, பிறகு இரண்டு. இது அவர் அம்மா இருந்தபோது வாங்கிய கிரைண்டர் என்றும், கல் தேய்ந்தது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள முடியாது என்றும் ஒரு கட்டத்தில் கோபமாகவே சொன்னார். அன்று அவர் குரலில் நான் கேட்ட முதல் உயிர் அது. பிறகு அழ ஆரம்பித்தார். ரஹ்மத் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

இதற்கிடையே இங்கே நான் எதற்கும் இருக்கட்டும் என்று அங்கத்திய அவசர உதவி எண்ணைக் கூப்பிட அம்பத்தூரில் என் தம்பியைத் தயாராக நிறுத்தியிருந்தேன். அவனுக்குத் தகவல் சொல்வதற்காக ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வேறு போனில் கிசுகிசுத்தேன். இனியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, யாருக்கு உடம்பு சரியில்லை?"

"ஒரு மாமாவுக்கு."

"எங்க வலிக்குது?"

என்ன சொல்வது என்று யோசித்து, "உள்ளே" என்றேன். அவள் போய்த் தன் பொம்மை டாக்டர் பெட்டியை எடுத்துவந்து என் போனின் மேல் ஒரு பிளாஸ்டர் ஒட்டினாள். ஸ்பீக்கரின் மேலேயே. அதற்கப்புறம் அரை மணி நேரம் ரஹ்மத் அக்கா தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டது.

அரிசி ஊறி முடிப்பதற்குள் தினகரனின் அக்கா வந்துவிட்டார். ஆட்டோவிலிருந்து இறங்கும் சத்தம், செருப்புச் சத்தம். பிறகு அந்த அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எதுக்குடா அரிசி ஊறுது?" என்று கேட்டார்.

"கிரைண்டர் ஓடுதான்னு பாக்கணுமாம்."

"அம்மா கிரைண்டரா? அது ஓடாம? யார்றா சொன்னது ஓடலைன்னு?"

குடும்பமே அப்படித்தான் என்று அப்போது தெரிந்தது. நான் போனை வைத்தேன்.

7

மாவு அரைத்தார்களாம். நன்றாகவே அரைத்ததாம். மாவு பொங்குவதற்கு ராத்திரி முழுக்க வைக்க வேண்டும், ஆகவே கிரைண்டரின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு காலையில்தான் என்று அறிவித்துவிட்டு ரஹ்மத் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா தம்பியோடு தங்கினார். காலையில் இட்லி சாப்பிட ரஹ்மத் அக்கா வந்தார். இட்லிப் பாத்திரமும் அடுப்பும் பக்கத்து வீட்டினுடையவை. அன்று ஞாயிறு, அக்கா தம்பியை விட்டு நகரவில்லை. மறுநாள் காலையில் மூன்று பேரும் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். சீட்டு எடுக்க ஒரு வரிசை, பெயர் பதிய ஒரு வரிசை, மனநல டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை. மூன்றிலும் ரஹ்மத் அக்கா இடத்துக்காகப் பேரம் பேசியதாகவும் இரண்டில் ஜெயித்ததாகவும் கேள்வி. டாக்டர் பொறுமையாகக் கேட்டார், மருந்து கொடுத்தார், வாரா வாரம் வரச் சொன்னார். தினகரன் போகிறார். சில வாரம் நன்றாக இருக்கிறது, சில வாரம் இல்லை என்கிறார். இல்லாத வாரங்களில் இப்போது எழுதுகிறார். ஜாடையாக இல்லை, நேராக. கிரைண்டரை அவரிடமே விட்டுவிட்டார் ரஹ்மத் அக்கா. கல் தேய்ந்திருக்கிறதாம்.

ஒரு வேலை பாக்கியிருந்தது. கட்டிலையும் ஃபேனையும் திரும்ப வாங்க வேண்டும். எடுத்துப்போனவர்களுக்கு நான் தனித்தனியாக எழுதினேன்: ஃபாரின் பயணம் ரத்தாகிவிட்டது. பொய்யா என்று யோசித்தேன். இல்லை என்று முடிவுசெய்தேன். "பாவம், விசா ரிஜெக்டா?" என்று எல்லாரும் இரக்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். விசா கிடைக்காதவன் மேல் எங்கள் பக்கத்துக்கு இருக்கிற கருணை வேறு எதற்கும் கிடையாது. ரோஜாத் தொட்டிக்காரர் மட்டும் பூ விட்டிருக்கிறது, தர மாட்டேன் என்றார். பெட்டியை எடுத்தவர் அதோடு வேலைக்கு வேறு ஊர் போயிருந்தார்.

சும்மா கொடுக்கும் சனிக்கிழமையை நிறுத்தலாமா என்று வெகுநாள் குழம்பினேன். நிறுத்தவில்லை. ஒரு விதி மட்டும் சேர்த்தேன்: மொத்த வீட்டையும் கொடுப்பவரை நிர்வாகி தனியே கூப்பிட்டு நலம் விசாரிப்பார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஜெர்மனிக்காரி ஏதாவது விதி போட்டுக்கொண்டே இருப்பாள் என்று விட்டுவிட்டார்கள். உதவி எண்ணும் மேலேயே இருக்கிறது. இதுவரை மூன்று பேரைக் கூப்பிட்டேன். மூன்றும் நிஜமான விசா. வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கம் ஒன்றும் பண்ணாது.

லிண்ட்னர் அம்மா வந்துபோன மூன்றாம் நாள், குழுவில் ஒரு புதுப் பதிவு வந்தது.

"தேவை: டிராலி பெட்டி. நடுத்தர அளவு. பாரிவாக்கம். தினகரன்."

என்ன விலை வரை கொடுப்பார் என்று குறிப்பிடவில்லை. நான்காவது விதியின்படி நீக்க வேண்டும். நான் நிர்வாகியாக இருந்து தெரிந்தே விதியை மீறிய முதல் தடவை அது. கீழே கூட்டம் கூடிவிட்டது.

"ப்ரோ, திரும்ப விசா வந்துடுச்சா? வாழ்த்துகள்!"

"எந்த நாடு ப்ரோ?"

இந்த முறை பதில் இருந்தது. "அரக்கோணம். அக்கா ஊடு. ரெண்டு நாள்."

"ரெண்டு நாளுக்கு இன்னாத்துக்கு நடுத்தரம்? சின்னதே போதும்" என்று ரஹ்மத் அக்கா ஆரம்பித்தார். அது தன் விருப்பம் என்று தினகரன் சண்டைக்குப் போனார். யாரோ ஒருவர், ஜெர்மனி நித்யா மேடத்தைக் கேளுங்கள், என்ன எடுத்துப்போக வேண்டும் என்று சொல்வார்கள் என்று என்னை இழுத்துவிட்டார்.

கேட்டால் விடுவேனா? படுக்கையறையில் என் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதினேன்: இரண்டு சட்டை. சார்ஜர். மாத்திரை. அக்கா பிள்ளைகளுக்கு ஏதாவது. அந்தக் கிரைண்டரில் அரைத்து ஒரு டப்பா மாவு. கடைசியாக, திரும்பி வர டிக்கெட்.

சற்று நேரத்தில் பதில் வந்தது.

"எடுத்துட்டேன் அக்கா."